றொபேட்டுக்கு இளைப்பாற்றிப் பூசை

கொழும்புத்துறை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஜெயசுதனுக்கு,

மாதாவின் காவலில் இங்கே நாங்கள் சுகம், உன் சுகம்தான் இந்த ஒரு மாதமாக எங்களுக்குப் பிடிபடவில்லை. இன்று காலைப் பூசைக்கு வந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். அப்பா, நான், தங்கச்சி ஜெசிதா, மக்டலீன் மாமி, அப்பாவோடு தொழிலுக்குப் போகிற கனிசியஸ் அண்ணை, அவ்வளவு பேர்தான். அங்கே உங்கள் கொம்பனியின் பழைய பிளேனோடு விழுந்து இறந்த விமானி றொபேட்டுக்கு இன்று முப்பத்தோராம் நாள் என்று இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுத்தோம். அவர் வேதக்காரரோ, ஞானஸ்நானம் பெற்றவரோ என்று பங்குச் சுவாமி கேட்டார், தெரியாது என்றேன். "உங்களுக்குத் தெரியாட்டி என்ன, ஆண்டவருக்குத் தெரியும்தானே" என்று பெயரை வாசித்தார்.

முதல்நாள் மாமியிடம் சொன்னபோது "பொம்மரிலை செத்தவனுக்குப் பூசையோடி? உனக்கென்ன விசரே?" என்று ஏசினார். அது எந்தக் காலத்திலோ சண்டையில் குண்டு போடப் போன பொம்மர் பிளேன், இப்போது கண்காட்சியில் சனத்துக்குப் பறந்து காட்டுவது, என் பிள்ளை அதற்கு எஞ்சின் வேலை செய்கிறவன் என்று சொல்லியும், "வெள்ளைக்காரருக்கு விளையாட வேறை சாமான் கிடைக்கேல்லையாமோ" என்றார். அவரிலும் பிழையில்லை மகன், சண்டைக் காலத்தில் பங்கர்க் குழிக்குள் இருந்து, பொம்மர்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது போகட்டும், இல்லாவிட்டால் விழட்டும் என்று செபமாலை சொன்ன சனம் நாங்கள். ஆனாலும் காலையில் எங்களுக்கு முன்னமே வந்து முதல் வாங்கில் இருந்தார், பெயரை வாசிக்கும்போது முக்காட்டை இழுத்துவிட்டு அழுததும் அவர்தான்.

போனில் இதைத் தொட்டாலே பிறகு கதைக்கிறன் அம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். விசாரணை முடியும்வரை ஒன்றும் கதைக்கக் கூடாது என்று கொம்பனி சொல்லியிருக்கிறது, றொபேட்டின் மனைவி கூப்பிடாமல் அந்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று ஜெசிதாவிடம் சொன்னாயாம். கலியாண வீட்டுக்குத்தானே அழைப்பு, செத்தவீட்டுக்கு யார் அழைக்கிறது? கடைசியாக அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டியது நீ என்பதால் போகக் கால் வரவில்லை, அது எனக்கு விளங்குகிறது. முன்பு அப்பா எஞ்சின் பூட்டிக்கொடுத்த மயிலிட்டிப் படகு ஒன்று கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, அதில் போன பெடியனும் வரவில்லை. அப்பா விடியமுன் அந்தப் பெடியன்ரை வீட்டுக்குப் போய்ச் செத்தவீட்டுப் பந்தலுக்குத் தடி நட்டவர். அடிப்பார்கள் போகவேண்டாம் என்று மறித்தேன், "பூட்டினவன்தான் முதல் ஆளாப் போகோணும், பிந்தினால் பிறகு அந்த ஒழுங்கையாலை நடக்கேலாது" என்றார். எஞ்சினோ கடலோ, பிழை எதில் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்த வீட்டுத் தாய் அப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசினார், ஆனால் நட்ட தடியைப் பிடுங்கவில்லை.

நியாயம் சொல்லப் போகாதே மகன், அழுகிறவர்களோடு கொஞ்ச நேரம் கூட இருந்துவிட்டு வருவதை எந்தக் கொம்பனி மறிக்கும்? எஞ்சினைப் பற்றிக் கேட்டால் விசாரணை முடியட்டும் என்று சொல், பொய் மட்டும் சொல்லாதே. ஏசினால் கேட்டுக்கொண்டிரு. வெறுங்கையோடு போகாமல் சமைத்து ஏதாவது கொண்டுபோ, உறைப்பைக் குறை. உன் கையால்தான் பிழை வந்தது என்று நாளைக்குத் தெரிந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான், அதை நினைத்துச் சாப்பிடாமல் கிடவாதே.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறோம். படுக்கமுன் ஒரு மன்றாட்டாவது சொல்லு. வேறு புதினம் ஒன்றும் எழுதவேண்டாம், அந்த வீட்டுக்குப் போனாயா என்பதை மட்டும் எழுதிக் கெதியாகப் பதில் போடு.

அன்புள்ள அம்மா,
கத்தரீனா