திருப்புளி கொடுத்தவன்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். நீயும் மகளும் சுகமா? முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா, டிவிதான் பார்க்கிறாயா?

இங்கே சைக்கிளுக்கு மணி இருக்க வேண்டும் என்பது சட்டம். நேற்றுக் காலை வேலைக்குப் போகும்போது போலீஸ்காரர் நிறுத்தினார். பார்த்தால், என் மணியைக் காணோம். பின்னால் வந்த, என் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் தன் சைக்கிளில் மணியடித்துக் காட்டிவிட்டுப் போனான். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த அந்த மணியில் நம் மகள் வைத்த நகப்பூச்சுப் பொட்டு! முந்தின நாள் அவன் திருப்புளி கேட்டபோது நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ராத்திரி கேட்டால், "போலீஸைச் சமாளிக்க உங்களுக்குப் பேச்சு சாமர்த்தியம் இருக்குண்ணே, எனக்கு மணிதானே கதி" என்று சிரிக்கிறான். அவன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவன் நான்.

சைக்கிள் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது. நடக்கிறேன், தொப்பை குறையும், சந்தோஷப்படு.

அந்த மணி இனி எனக்கு வேண்டாம். நம் பழைய சைக்கிள் மணியைக் கழற்றி அனுப்பு. வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். அனுப்புமுன் அடித்துப் பார். நான்தான் வந்துவிட்டேன் என்று கதவைத் திறந்துவிடாதே.