இறங்கி நடக்க வேண்டிய இடம்

2024 ஜூன் 23, ஞாயிறு

இன்றும் இறங்கித்தான் நடந்தேன். படிப்பாறை வந்தால் என் கால் தானாகத் தரையைத் தேடுகிறது. ஸ்டீபன் கீழே நின்று சிரிக்கிறார். "ஜோ, சைக்கிள் உன்னைச் சுமக்கணும். நீ சைக்கிளைச் சுமந்துட்டு வர்ற." சிரிக்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேலி பண்ணாத காரியம் என்ன இருக்கிறது?

நாகமலையின் பின்பக்கம் ஆடுகள் நடந்து நடந்து உண்டான தடம் அது. நாங்கள் நாலு பேர். நான், ஸ்டீபன், ஆரப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அழகுபாண்டி அண்ணன், கப்பலூர் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் பாண்டிராஜ். விடிந்ததும் கியர் சைக்கிளை மூச்சு வாங்க முன்பக்கப் பாதையில் மேலே தள்ளிக்கொண்டு போவோம், இந்தத் தடத்தில் கீழே ஓட்டிக்கொண்டு வருவோம். முதலில் இறங்குகிறவர் கீழே போய் "வரலாம்" என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அடுத்த ஆள் கிளம்பலாம். முதல் ஆள் எப்போதும் ஸ்டீபன்தான்.

நடுவில் ஒன்று போலவே மூன்று வளைவுகள். மூன்றாவதைத் திரும்பினால் தடம் இடுப்பளவுக்குத் தொபுக்கென்று விழும். அதுதான் படிப்பாறை. அதனால் மூன்றாவது வளைவுக்கு முன்னால் ஒரு கல்லை நட்டு, கடையில் மிச்சம் கிடந்த சுண்ணாம்பை அடித்து வைத்திருக்கிறார் அழகுபாண்டி அண்ணன். கல்லைக் கண்டால் பிரேக். தெரிந்தவர் மெதுவாகப் போய் பாறையின் இடப்பக்கச் சரிவில் விடலாம். தெரியாதவர் இறங்கி நடக்கலாம். நடந்தால் பத்து எட்டுதான்.

பாறைக்குக் கீழே கண்மாய்க் கரை வரைக்கும் செம்மண். அங்கே பிரேக்கைத் தொடவே வேண்டாம். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வயது நாற்பத்து மூன்று இல்லை, பள்ளிக்கூட ஆபீஸில் குவிந்து கிடக்கும் டி.சி. விண்ணப்பங்களும் இல்லை. வாய்விட்டுக் கத்துகிறேன். யாருக்கும் கேட்காது.

ஜூலை 7, ஞாயிறு

எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்கு யாரோ குங்குமப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. கல்லுக்கு வேப்பிலை, எலுமிச்சம்பழம், சூடம் எரிந்த கறை. "அண்ணே, நீங்க அடிச்ச சுண்ணாம்புக்குப் பொங்கலே வச்சுருவாங்க போல" என்றான் பாண்டிராஜ். ஸ்டீபன் சிரித்த சிரிப்பில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டார். அழகுபாண்டி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். "நம்ம நட்டதா இருந்தா என்ன சார்? நாலு பேரு கும்பிட்ட பெறகு அது நம்ம கல்லா?"

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஸ்டீபன் விழுந்துட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கோம். எழுத முடியல.

ஆகஸ்ட் 14, புதன்

எழுதாமல் இருந்தாலும் அதேதான் ஓடுகிறது. எழுதிவிடுகிறேன்.

அவர் முதலில் போனார். நாங்கள் மேலே நின்றோம். "வரலாம்" வரவில்லை. பாண்டிராஜ் வாட்டர் பாட்டிலைத் திறந்து குடித்தான், எனக்கும் நீட்டினான். இன்னும் வரவில்லை. போன் பேசுறாரோ என்றேன். நானே சொன்னேன், போன் பேசுறாரோன்னு. அப்புறம் அழகுபாண்டி அண்ணன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

கல் அதன் இடத்தில் இல்லை. வளைவைத் தாண்டி, பாறை விளிம்புக்குப் பக்கத்தில், உசிலை மர நிழலில் இருந்தது. புது மாலை போட்டு, மஞ்சள் துணி கட்டி. யாரோ ஆடிக்கு இடம் மாற்றியிருக்கிறார்கள். கல் வரட்டும் என்று வந்திருக்கிறார் மனுஷன். கல் வந்தபோது பாறையும் வந்துவிட்டது.

வலது தோள் தரையில் பட்டு, கழுத்து மறுபக்கம் இழுத்திருக்கிறது. எலும்பு கூடிவிடுமாம். நரம்புதான் பிய்ந்திருக்கிறது. "கைக்குப் போற கரண்டு வயர் அறுந்த மாதிரி" என்றார் டாக்டர். அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. அவருடைய அக்கா எஸ்தர் மதினி வந்திருக்கிறார். வந்த வேகத்தில் ஆரம்பித்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை காலைப் பூசைக்கு வராம மலைக்குப் போனா ஆண்டவர் பாத்துக்கிட்டா இருப்பாரு?" சாயங்காலப் பூசைக்குத் தவறாமல் போகிறோமே என்றேன். "மிச்சம் மீதி நேரத்தைத்தான் அவருக்குக் குடுப்பீங்களாக்கும்."

மத்தியானம் அழகுபாண்டி அண்ணன் வந்து, நின்றபடியே அழுதார். "சாமிக்கு முன்னாடி செருப்புக் காலோட போயிட்டோம் தங்கச்சி. அதான் தள்ளி விட்டுருச்சு."

இரண்டு பக்கமும் சாமிதான் தள்ளியிருக்கிறது. விழுந்தது ஒரே ஆள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கல்லை மாற்றினது எவனோ எவளோ, அவர்கள் கை விளங்காமல் போகட்டும் என்று நினைத்தேன். எழுதின பிறகு பார்க்க அசிங்கமாக இருக்கிறது. அந்த வரியை அடிக்கவும் மனசில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கல்லைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வருகிறோம் என்று அழகுபாண்டி அண்ணனும் பாண்டிராஜும் போனார்கள். வேறு யாரும் அங்கே ஓட்டி விழுந்துவிடக் கூடாதே. வெறும் கையோடு திரும்பி வந்தார்கள்.

"நான் நட்ட கல்லு, நான் அடிச்ச சுண்ணாம்பு. குனிஞ்சு தொட்டுட்டேன் தங்கச்சி. தூக்கக் கை வரல."

பாண்டிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் வரவில்லை. ஸ்டீபன் கட்டிலிலிருந்தே சொன்னார்: "விடுங்கண்ணே. அதாவது ஒரு இடத்துல நல்லா இருக்கட்டும்."

அக்டோபர் 8, செவ்வாய்

ஸ்டீபன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார். நான் ஆபீஸிலிருந்து வராந்தா வழியாகப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு, வட்டம். இடது கையால் போர்டில் போட்டுக்கொண்டிருந்தார். வட்டம் கோழிமுட்டையாக வந்தது. பிள்ளைகள் ஒருத்தர் கூடச் சிரிக்கவில்லை. அவருக்கு அதுதான் வலித்திருக்கும். கேலி பண்ணுகிற வாத்தியாரை யாரும் கேலி பண்ணவில்லை என்றால் அவர் எங்கே போவார்?

அக்டோபர் 27, ஞாயிறு

ஹால் சுவரில் இரண்டு சைக்கிளும் தொங்குகின்றன. என்னுடையதன் டயரில் இன்னும் அந்தச் செம்மண் இருக்கிறது. "அதைப் பாத்துக்கிட்டே எப்படிச் சோறு எறங்குது உங்களுக்கு? ரெண்டையும் தள்ளிவிடுங்க" என்றார் மதினி. ஸ்டீபன், "என்னோடதைக் குடுத்துரலாம்" என்றார். என்னுடையதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

மழை. மலை பச்சையாகிவிட்டது, மாடியிலிருந்து தெரிகிறது. எனக்குப் போக வேண்டும்.

இதை எழுதவே மூன்று வாரம் ஆகியிருக்கிறது. அவரை அங்கிருந்து துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தோம். அதே மலை. எனக்கு ஏன் பயம் வரவில்லை? வருகிறது. வந்தும் போகணும் போல இருக்கு. நான் என்ன பொம்பளை?

தினமும் திண்டுக்கல் ரோட்டில் பரவை மார்க்கெட் லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டியில் போகிறேன். அதை நிறுத்து என்று யாரும் சொல்வதில்லை. வேலைக்குப் போகும்போது விழுந்தால் விதி. மலையில் விழுந்தால் கொழுப்பு. ஆபத்தைப் பற்றி இவர்களுக்குக் கவலை இல்லை, அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அதுதான் ஆகவில்லை என்று இன்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சண்டை போட்டேன், மனசுக்குள். மனசுக்குள் நான் ஜெயித்தேன். வெளியே வந்து அவருக்குச் சப்பாத்தியைப் பிய்த்து வைத்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

போய்ட்டு வந்தேன்.

தோழி வீட்டுக்கு என்று பொய் சொல்லி, அழகுபாண்டி அண்ணன் கடையில் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, பிரேக்கை மட்டும் இரண்டு தடவை பார்த்துக் கொடுத்தார். முதல் வளைவிலேயே இறங்கிவிட்டேன். மூன்று வளைவும் நடந்தேன், பாறையும் நடந்தேன். அதன் பிறகு ஏறினேன். கண்மாய்க் கரை வரைக்கும் கத்தவில்லை. ஆனால் கத்த வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து காலை நீட்டினேன். சாக்ஸ் முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது. தோழி வீட்டில் ஏது நாயுருவி? ஸ்டீபன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் இப்படிக் கெடக்கேன். உனக்கு மலை கேக்குதோ?"

பதினெட்டு வருஷத்தில் இப்படிப் பேசினதில்லை. "பொய் சொல்லிட்டுப் போற அளவுக்கு ஆயிருச்சு. சரி. நல்லா இருந்துச்சா?"

"இல்ல" என்றேன்.

அதுவும் பொய். அதுவும் அவருக்குத் தெரிந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்

பேச்சில்லை. டீயை வைத்தால் குடிக்கிறார்.

டிசம்பர் 25, புதன்

குடிலுக்கு மேலே நட்சத்திரம் கட்டணும். இடது கையால் பிடித்து, பல்லால் நூலை இழுத்துக் கட்டினார். உதவிக்குப் போனேன். தள்ளிவிட்டார். நட்சத்திரம் சாய்ந்துதான் தொங்குகிறது. யாரும் நிமிர்த்தவில்லை.

2025 ஜனவரி 6, திங்கள்

டாக்டரிடம் போனோம். முழங்கை மடங்குகிறது, அது வரைக்கும் சந்தோஷம் என்றார். விரல் பிடி வராது. 'வரலாம்' என்று இத்தனை மாசமாகச் சொன்னவர் இன்று அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஸ்டீபன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, வெளியே பார்த்தபடியே பேசினார். "பத்து எட்டு ஜோ. நீ ஒவ்வொரு வாரமும் நடந்த. நான் ஒவ்வொரு வாரமும் சிரிச்சேன்." நான் அவர் கையைப் பிடித்தேன். வலது கையைப் பிடித்திருக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவருக்கு நான் பிடித்ததே தெரியவில்லை.

ஜனவரி 11, சனி

அலமாரியைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவருடைய சைக்கிள் கிளவுஸ், வலது கை, சிவப்பு. என் முன்னால் போட்டார்.

"கல்லைத்தான் யாரும் தொட மாட்டேங்கிறீங்க. கல்லு பழைய எடத்துல இருந்துச்சுல்ல, அங்க இதைக் கட்டு. எனக்கு எதுக்கு இனிமே?"

"நான் போகலங்க."

"நீ போவ. எனக்குத் தெரியாம போறதுக்குத் தெரிஞ்சு போ." அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கு இது பிடிக்கலை. பிடிச்சதுன்னு நெனைச்சுக்காத" என்றார்.

ஜனவரி 12, ஞாயிறு

கட்டிவிட்டேன். மூன்றாவது வளைவுக்கு முன்னால், கல் இருந்த குழிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளையில். ஐந்து விரலும் விரிந்து, நில்லு என்று சொல்வது போலவே இருக்கிறது.

ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். என் வயசுதான் இருக்கும். பேர் முத்துத்தாய். "இது என்ன தாயி, யாரு கை?" என்றாள்.

"எங்க வீட்டுக்காரரு கிளவுஸு. இங்கதான் விழுந்தாரு. யாரும் வேகமா வந்துரக் கூடாதுன்னு கட்டுறேன்."

"அய்யோ பாவமே. ஆடியில யாரோ விழுந்தாகன்னு சொன்னாங்க, ஒங்க வீட்டுக்காரரா? சாமி இருக்கிற எடத்துல இப்படி ஆகலாமா?" உசிலை மரத்தடியைக் காட்டினாள். "இங்க வெயில்ல காஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு தாயி. எனக்கு மனசே கேக்கல. நான்தான் ஒத்த ஆளா அம்புட்டுத் தூரம் தூக்கிட்டுப் போயி நெழல்ல வச்சேன்."

ஐந்து மாசமாக நான் சபித்த கை, ஆட்டுக்குட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் இருக்கிறது. சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெயிலில் நிற்கிறதே என்று ஒரு கல்லுக்கு இரங்கினவளிடம் என்ன சொல்ல?

"இதையும் எடம் மாத்திராதீங்க" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

"நான் ஏன் மாத்துறேன்? ஆடு கடிக்காமப் பாத்துக்கிறேன், போ."

இதை ஸ்டீபனிடம் சொல்ல வேண்டுமா? இன்று சொல்லவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

முத்துத்தாயைப் பற்றிச் சொன்னேன். "நெழலுக்கா?" என்றார். மறுபடியும், "நெழலுக்காகவா?" அப்புறம் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் மூன்று பேரும் போனோம். சொல்லிவிட்டுத்தான். கிளம்பும்போது அவர் பேப்பரை விட்டு நிமிரவில்லை. அழகுபாண்டி அண்ணனும் இப்போது படிப்பாறையில் இறங்கித்தான் நடக்கிறார். முதலில் போய் "வரலாம்" சொல்ல யாரும் முன்வரவில்லை. கடைசியில் நான் போனேன்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்டீபன் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, என் ஒரு சாக்ஸை உருவித் தன் மடியில் போட்டுக்கொண்டார். இடது கையால் நாயுருவியை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். வலது கை பக்கத்தில் சும்மா கிடந்தது.

"இம்புட்டு ஒட்டியிருக்கு. நடந்துதான் வந்திருக்க."

"ஆமா."

"கிளவுஸ் இருக்கா?"

"இருக்கு."

"யாரும் பொட்டு வைக்கலையே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று பிடுங்கிப் போட்டார்.

"நல்லா இருந்துச்சா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றேன். "செம்மண்ல வரும்போது கத்திட்டேன்."

அவர் கை நின்றது. கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை, கையில் சாக்ஸ் இருந்தது.

"இன்னொண்ணையும் கழட்டு" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன்.