பெரும்பாக்கத்தில் போட்ட பந்தி

அன்புள்ள அம்மாவுக்கு ஜோவிதா எழுதுவது. உங்கள் முட்டுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். மண்டபச் சமையலில் ஒரு சுற்று பெருத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மழையில் கல்யாணத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. மீந்த சாப்பாட்டை நானும் என்னோடு சமைக்கிற சுந்தரவல்லி அக்காவும் வேனில் பெரும்பாக்கம் குடியிருப்புக்குக் கொண்டுபோனோம். பாத்திரம் கொண்டுவரச் சொல்லி அக்கா தொண்டை கிழியக் கூப்பிட்டும், பிள்ளைகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்களே தவிர யாரும் இறங்கவில்லை. மீந்ததை வாங்கப் பாத்திரத்தோடு நிற்க யாருக்கு மனசு வரும்? விட்டால் சாம்பார் ஊசிவிடும். எனக்குக் கூப்பிடவும் வாய் வரவில்லை. படிக்கட்டுப் பக்கம் பாய் விரித்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்தேன்.

ஒரு அக்கா இறங்கி வந்து, "யாரு வூட்டுக் கண்ணாலம்?" என்றார்.

"நம்ம வீட்டுக் கல்யாணந்தான்க்கா, உக்காருங்க."

"அப்ப பாயசம் கீதா?"

"இருக்குக்கா."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அண்டா காலியாகும் நேரத்தில் அந்த அக்கா, "நீ துன்னியா பாப்பா?" என்று கேட்டு, என்னை உட்காரவைத்துப் பரிமாறினார். இங்கே வந்தபிறகு எனக்கு ஒருவர் பரிமாறியது அன்றைக்குத்தான்.

ஆஸ்டின் அண்ணன் ஊரிலிருந்து இங்கே வரும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். பதில் போடும்போது வீட்டில் என்ன குழம்பு என்றும் எழுதுங்கள். காய் நறுக்கக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

ஜோவிதா