உள்பக்கத் தாழ்ப்பாள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, அடித்துவிட்டேன். நலமா என்று கேட்க எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது? போனில் வேண்டாம், எழுது என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். தையல்காரி கையெழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை உனக்குப் பதிலாகக் கூட்டத்துக்குப் போனேன். கோர்ட் வேண்டாம், மாமா தன் வாயால் உண்மையைச் சொல்லட்டும் என்று நீ கேட்டாயே, அதுதான். நூலகத்துக்கு மேலே ஓர் அறை. ஆறு நாற்காலி வட்டமாகப் போட்டிருந்தது. கூட்டத்தை நடத்தும் அம்மா, அவருடைய உதவியாளர், நான், என் தம்பி, அவன் பெண்டாட்டி. ஒன்று உன்னுடையது, காலி. பழக்கதோஷத்தில் என் பையை அதில் வைத்துவிட்டேன். எடுக்கச் சொன்னார்கள்.

எனக்கு எதுவுமே தோன்றவில்லை. தம்பி சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ அனுப்பிய கேள்விகளை அந்த அம்மா வாசித்தார். செய்தாயா என்றதற்குச் செய்தேன் என்றான். அவள் பொய்க்காரி என்று சொந்தக்காரர்களிடம் சொன்னாயே, அதுதானே பொய் என்றதற்கும் ஆமாம் என்றான். மூன்றாவது கேள்வி தாழ்ப்பாளைப் பற்றி.

பத்தொன்பது வயதில், அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் அப்போது நம்மோடுதான் இருந்தான். வீட்டிலேயே தச்சன் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று அவனையே போடச் சொன்னவள் நான். அந்தக் கேள்விக்கு, நாலு திருகாணி போட வேண்டிய இடத்தில் இரண்டுதான் போட்டேன், அதுவும் குட்டை, தள்ளினால் கழன்றுவிடும், தெரிந்தேதான் செய்தேன் என்றான். அவன் பெண்டாட்டி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

கடைசியில் முடிவானது இதுதான்: பொய் சொன்ன பதினோரு வீட்டுக்கும் அவனே போய் உண்மையைச் சொல்ல வேண்டும். உதவியாளர் கூடப் போவார். நீ இருக்கும் பக்கமே அவன் தலைகாட்டக் கூடாது. கையெழுத்துப் போட்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதை அவள் கேட்கவில்லை என்று அந்த அம்மா நிறுத்திவிட்டார். ஒரு நொடி அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது எனக்கு. கூடப்பிறந்த புத்தி. உன்னிடம் மறைக்கவில்லை.

முடிந்தது என்று பையை எடுத்தேன். இன்னொரு கேள்வி இருக்கிறது, அது உங்களுக்கு என்று அந்த அம்மா நீ எழுதியதை வாசித்தார். நான் சொன்ன அன்று, அம்மா, நீ ஏன் தையல் மெஷினை நிறுத்தவில்லை?

பதிலை இங்கே சொல்கிறேன். நீ சொன்னது எனக்குக் கேட்டது. முழுசாகக் கேட்டது. நிறுத்தினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் நம்ப வேண்டும். நம்பினால் தம்பியை வெளியே அனுப்ப வேண்டும். அதனால் மிதித்துக்கொண்டே இருந்தேன். பள்ளிச் சீருடைப் பாவாடை அது, ஒரே இடத்தில் மூன்று தையல் ஓடிவிட்டது. மாமா விளையாட்டுக்குச் செய்திருப்பான் என்று நான் முணுமுணுத்தது அந்தச் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கும், இல்லையா?

நேற்று புதுத் தாழ்ப்பாள் வாங்கி உன் அறையில் நானே போட்டேன். நாலு திருகாணி, நாலும் நீளம். கொஞ்சம் கோணல்தான். பக்கத்து வீட்டுக்காரியை உள்ளே தாழ் போடச் சொல்லிவிட்டு, வெளியிலிருந்து தோளால் இடித்து இடித்துப் பார்த்தேன். அசையவில்லை. தோள்தான் கன்றிவிட்டது.

வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. எப்போதாவது வந்தால், என்னையும் வெளியே நிறுத்தித் தாழ் போட்டுக்கொள். கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். நீ நன்றாக இரு, கண்ணு.

இப்படிக்கு,
மெஷினை நிறுத்திவிட்டு எழுதும்
அம்மா