அஞ்சரைப் பாகம்

மார்ச் 3

படகுப் பாய் தைக்கும் பட்டறையையே ஒற்றை ஆளாய்த் தாங்கும் என் அக்கா மகளுக்கு,

மாமன் எழுதுவது. இங்கே காற்று செத்து வாரக் கணக்காகுது. கடல், கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி அசையாமல் கிடக்குது. படகு முன்னால் கட்டின பழைய முன்பாய் பாய்மரத்தைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குது. "படகை வித்துடுங்க பெரியவரே"ன்னு படகுத்துறையில் கிண்டல். என்னைக் கேட்டுத்தான் கடலே அலையடிக்கும்னு அவங்களுக்குத் தெரியலை.

பெரிய முன்பாயா ஒண்ணு தைச்சு அனுப்பு. பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் வரைக்கும் வரணும். யாராவது கொட்டாவி விட்டாக்கூட அந்தக் காற்றைப் பிடிக்கணும். உச்சிக்குக் கயிறு ஏத்தி, வழக்கம்போல ரெண்டு கையையும் விரிச்சு, ஒரு விரிப்புக்கு ஒரு பாகம்னு அளந்துட்டேன். உச்சியிலிருந்து படகு மூக்கு வரை அஞ்சரைப் பாகம். டேப் பொய் சொல்லும், என் கை சொல்லாது.

எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காதே. படகில் உட்கார்ந்து எழுதறேன், ஆட்டம் ஜாஸ்தி.

இப்படிக்கு,
கடலை அடக்கிய மாமன்

மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. வீட்டுக்கு வந்தாலும் தையல் மெஷின் தலைக்குள்ளே ஓடுது. சுருக்கமா எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

லேசான காத்துக்குப் பெரிய பாய் நல்லதுதான். ஆனா படகைத் திருப்புற ஒவ்வொரு தடவையும் அத்தனை துணியையும் பாய்மரத்தைச் சுத்தி மறுபக்கம் இழுக்கணும். திடீர்னு காத்து எழும்பினா நீங்க தனியாத்தான் இறக்கணும். அதுக்கு ரெண்டு கையும் வேணும், மாமா.

பழைய பாயோட அச்சுக் காகிதம் இன்னும் எங்க சுவரில் தொங்குது. அதுவும் உங்க கை அளந்ததுதான். நாலு பாகம், கச்சிதமாப் பொருந்துச்சு. படகு வளராது. கை முழுசா விரியலைன்னாதான் கணக்கு ஏறும். அலையே இல்லாத கடலில் எழுத்து ஏன் ஆடுது?

எந்தக் கை?

உங்கள் வாயாடி

மார்ச் 19

அதிகப்பிரசங்கிக்கு,

வலது கை. ஒரு சுறாவோடு மல்லுக்கட்டினேன். சரி, சுறா இல்லை. குளியலறையில் வழுக்கிட்டேன். ஆனா ரொம்பப் பெரிய குளியலறை.

உன் அம்மாகிட்ட மூச்சு விடாதே. அக்காவுக்குத் தெரிஞ்சா அடுத்த பஸ்ஸில் வந்து, படகை வித்துட்டு, என்னை உங்க வீட்டு டிவி முன்னால் உட்கார வைச்சிடுவா. அதுக்கு அந்த அஞ்சரைப் பாகத்தையே தைச்சு என்னைப் போர்த்திடு. சலிச்சுப் போச்சு.

மாமன்

ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

பாய் அனுப்பியிருக்கேன். உயரம் பழைய நாலு பாகம்தான். பாய்மரம் வரைக்கும் வரும், தாண்டாது. துணி மட்டும் எங்ககிட்ட இருக்கிறதிலேயே மெல்லிசு. கனமான துணி காத்தில்லாம தொங்கிப் போகும், இது நிக்கும். இடது கையாலேயே இழுக்கலாம்.

அம்மாகிட்ட சொல்லலை. ஆனா காத்து எழும்புற நாளில் போக மாட்டேன்னு எழுதி அனுப்புங்க. இல்லைன்னா நானே சொல்லிடுவேன்.

வாயாடி

ஏப்ரல் 14

என் அக்கா மகளுக்கு,

பாய் வந்தது. சின்னதுதான் சரின்னு நான் முதலிலேயே சொன்னேன், நீதான் கேட்கலை. நேற்று ஏத்தினேன். படகுத்துறையே எழுந்து கைதட்டிச்சு. அங்கே இருந்தது காவல்காரர் மட்டும்தான், அவரும் கொசு அடிச்சிருக்கலாம்.

படகு நகர்ந்தது. கரையில் நடந்து போனவங்க முந்திப் போனாங்க, அவ்வளவு மெதுவா. எனக்கு அது போதும்னு இருந்தது. களைப்பா இருக்கும்மா.

காத்து எழும்பினா போக மாட்டேன். எழுதிட்டேன். இடது கையால் எழுதினாலும் செல்லும்.

அடுத்த தடவை இங்கே வரும்போது, அளக்க ஒரு டேப் வாங்கிட்டு வா.

மாமன்