ஒன்பது நாளில் ஏற்றுக்கொண்ட கட்டுரை

மார்ச் 4

குடலை ஒரே வரிசையில் தைக்கும் என் முறை பற்றிய கட்டுரை இன்று அச்சாகி வந்தது. நான் ஆசிரியராக இருக்கும் அறுவை சிகிச்சை இதழில்தான். மற்றவர்கள் ஆறு மாதம் காத்திருப்பார்கள். இது ஒன்பதே நாள். ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டதும் நானே.

துணை ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சார், கட்டுரையைச் சரிபாத்த ரெண்டாவது ரிவ்யூவர் கேட்டதுக்கு நீங்க பதிலே போடலையே?”

“அப்புறம் பாத்துக்கலாம்மா.”

மார்ச் 5

அந்தக் கேள்வி: ஆபரேஷனுக்குப் பின் மறு பரிசோதனைக்கு வராத பதினோரு பேர் என்ன ஆனார்கள்? — நல்லா இருக்கிறவன் எதுக்கு வரப்போறான்?

ஆகஸ்ட் 19

வெளியூரிலிருந்து போன். இளம் பெண் சர்ஜன், முன்பின் பார்த்ததில்லை.

“உங்க கட்டுரையில இருக்கிற மாதிரியேதான் தைச்சேன் சார். அஞ்சாம் நாள் தையல் விட்டுப்போச்சு. பஸ் டிரைவர், நாப்பத்தொரு வயசு. போயிட்டாரு. நான் எங்க சார் தப்புப் பண்ணேன்?”

“நீங்க தப்புப் பண்ணலம்மா” என்றேன். எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20

பதினோரு பேரின் கோப்புகளையும் எடுத்து நானே போன் போட்டேன். ஏழு பேர் நலம். இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒருவர் இறந்துவிட்டார், காரணம் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கடைசி எண்ணை ஒரு மகள் எடுத்தாள்.

“அப்பாவா? வீட்டுக்கு வந்த மறுநாளே வயிறு வீங்கிடுச்சுங்க. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், பிழைக்கலை. நீங்க யாரு?”

சொன்னேன்.

“உங்களை ரொம்ப நல்ல டாக்டர்னு அப்பா சொல்லிட்டே இருந்தாருங்க.”

ஐயோ. திட்டியிருக்கலாமே.

ஆகஸ்ட் 22

கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பை எழுதினேன். மனைவி வாங்கிப் படித்தாள்.

“‘சில குறைபாடுகள்’னு எழுதியிருக்கீங்க. செத்துட்டாங்கன்னு எழுதுங்க.”

எழுதினேன். கூடவே இதழாசிரியர் பதவியிலிருந்து ராஜினாமாவும்.

அக்டோபர் 2

அறிவிப்பு வந்துவிட்டது. மருத்துவர் ஓய்வறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

நவம்பர் 11

அந்த சர்ஜனை நானே கூப்பிட்டேன்.

“படிச்சேன் சார்” என்றாள்.

“உங்க மேல தப்பே இல்லம்மா. எல்லாம் என்னால.”

“தெரியுது சார். ஆனா கத்தியை எடுத்தா அந்த டிரைவர் ஞாபகம்தான் வருது. ஆபரேஷன் பண்றதையே விட்டுட்டேன். இப்ப காலேஜ்ல உடற்கூறு பாடம் எடுக்கறேன்.”

போனை வைத்துவிட்டாள்.

நாளை எனக்கு மூன்று ஆபரேஷன்கள் இருக்கின்றன.