ஸ்கேன் படங்களில் ஒரு பிரதி காணோம்

புரட்டாசி 20, திங்கள்

காலையிலேயே மழை. பூஜை விடுமுறை முடிந்து ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பினால் சர்வர் திரையில் மஞ்சள் எச்சரிக்கை: ஸ்டோரேஜ் பாலிசி மீறப்பட்டுள்ளது.

எங்களிடம் சர்வர் மூன்று. பாலிசி எளிது: ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு சர்வரில் இரண்டு பிரதி, மூன்றாவதில் ஒரு சாட்சி. சாட்சியிடம் கோப்பு இருக்காது; எந்தப் பிரதி சரி என்று மட்டும் சொல்லும். பத்திரப்பதிவு ஆபீஸை விட ஒழுங்கு அதிகம். ஸ்கேன் படங்களுக்கு மட்டும் ஒரு பிரதி காணோம். மிச்சம்: இரண்டாம் சர்வரில் ஒரு பிரதி, ஒன்றாம் சர்வரில் சாட்சி. புதிதாக எடுத்து வைக்க வேறு இடமும் இல்லை.

நிர்வாக அதிகாரியிடம் சொன்னேன்.

"மஞ்சதானங்க? மங்களந்தான். செவப்பா வந்தா சொல்லுங்க. வியாழக்கிழம கரண்டு வேல, ரெண்டாவது சர்வர அணைக்கணும். மறந்துறாதீங்க."

அணைத்தால் சாட்சி மட்டும் மிஞ்சும். ஒரு படமும் திறக்காது. அன்றுதான் திருச்சியிலிருந்து மூட்டு ஆபரேஷன் டாக்டர் வருகிறார்.

21, செவ்வாய்

புழுக்கம். செய்தவை: மறுபரிசோதனை பட்டன், நான்கு முறை. கேபிள் மாற்றம். பிரார்த்தனை, ஒரு முறை. ஒரு டிஸ்க் காணவில்லை என்கிறது திரை. எது என்று கேட்டால் மூச்சு முட்டும் நீளத்தில் ஒரு குறியீடு.

சர்வர் விற்ற கம்பெனிக்குப் போன். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்." அவர்கள் பக்கம் சென்னையில் இருக்கிறது. நன்றி சொன்னேன்.

மதியம் வார்டில் கணினி ரிப்பேர். முழங்கால் ஆபரேஷனுக்கு வந்திருக்கும் கந்தர்வக்கோட்டை அம்மா கூப்பிட்டார். ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போனவர்.

"வியாழக்கிழம ஆயிரும்ல தம்பி? மகன் துபாய்லேருந்து வந்திருக்கான். சனிக்கிழம கெளம்பிருவான்."

"ஆயிரும்மா."

எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

22, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! மூன்றாம் சர்வர். எல்லா டிஸ்கிலும் சந்தனம், குங்குமம். ஒன்று மட்டும் நூலளவு துருத்திக்கொண்டு நிற்கிறது.

துப்புரவு பார்க்கும் செல்வியக்காவைக் கேட்டேன்.

"ஆயுத பூசைக்கு எல்லாத்தயும் தொடச்சோம்ல சார். இத இழுத்தேன், வந்துருச்சு. பொட்டு வச்சுத் திரும்பத் தள்ளிட்டேன்."

"முழுசா போகலயேக்கா."

"அங்கிட்டு என்னமோ இடிச்சுச்சு. ரொம்ப அமுக்குனா சாமி குத்தமாயிரும்னு விட்டுட்டேன்."

வெளியே இழுத்து டார்ச் அடித்தேன். உள்ளே பொட்டுக்கடலை. பூஜைப் பொரியோடு கலந்து கொடுத்தது. ஒன்றே ஒன்று. கம்பெனியின் தடித்த கையேட்டில் கடலை பற்றி ஒரு வரி கிடையாது.

எடுத்தேன். தள்ளினேன். டக். பச்சை விளக்கு! பிரதி எடுக்க ஆரம்பித்துவிட்டது. செல்வியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டதாக ஞாபகம்.

மாலை ஆறு மணி: 41 சதவீதம்.

23, வியாழன்

காலை 7.40. 96. எலெக்ட்ரீஷியன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்கிறார். இந்த மாவட்டத்தில் இப்படி நடந்து கேள்விப்பட்டதில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். 98. வடை. 99. இன்னொரு வடை.

"உபசரிப்பு பலமா இருக்கே சார். என்னய வேல செய்ய விடுவீங்களா, மாட்டீங்களா?"

100. எச்சரிக்கை போய்விட்டது.

"ஆரம்பிங்கண்ணே!"

சர்வரை அணைத்தேன். அவர் வயரை உருவினார். ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடிப்போய்ப் படத்தைத் திறந்தேன். திறந்தது. கந்தர்வக்கோட்டை அம்மா, வலது கால். தேய்மானம் படுமோசம். இவ்வளவு அழகான முழங்காலை நான் பார்த்ததே இல்லை.